துடைக்காத குழாய்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பளபளக்கா என்று பெயர். அவள் கழுவி வைத்த குழாயில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும், அவ்வளவு சுத்தம். வீட்டிலோ, கடைசி வாய் உள்ளே போவதற்குள் தட்டைப் பிடுங்கிவிடுகிறாள் என்று கணவன் பதினெட்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டிருந்தது அகச்சிவப்பு ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதற்கான கண்ணாடியும் கரிக்கட்டி மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். மூலப்பொருளைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, காற்றை உறிஞ்சி, உருக்கி ஆறவைத்து, பிறகு மயிரிழையாக இழுப்பார்கள். இதற்குப் பெரிய பகை தண்ணீர். துளி ஈரம் ஒட்டியிருந்தாலும் போதும், ஒளியை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

மூன்று முறை இழுத்தாயிற்று, மூன்றிலும் ஈரம். அடைப்பதற்கு முன் கழுவிய குழாயைச் சூட்டில் காயவைக்கும் உலைக்காரர்தான் பாதியிலேயே எடுத்துவிடுகிறார் என்று மேலாளர் முடிவு கட்டினார். நாலாவதும் கெட்டால் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியும் விட்டார். ஆறு மணி நேரமும் உலையை விட்டு நகரவில்லை என்று அந்த மனிதர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாவது குழாய் காய்ந்து அவள் மேசைக்கு வந்தது. ஓரத்தில் லேசாக ஒரு மங்கல். பளபளக்காவின் கை தானாகவே ஈரத்துணியை எடுத்தது. எடுத்த கை அந்தரத்தில் நின்றது. முந்தைய மூன்றையும், காய்ந்த பிறகு மனசு கேட்காமல், இப்படித்தான் ஒரு துடை துடைத்திருந்தாள்.

துணியை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இழை நன்றாக வந்திருக்கும். உலைக்காரர் மிரட்டியதும் வழிக்கு வந்துவிட்டார் என்று ஊர் பேசியிருக்கும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மேலாளரையும் உலைக்காரரையும் ஒரே அறையில் நிறுத்திச் சொன்னாள்.

"அண்ணன் ஒழுங்காத்தான் காயவெச்சாரு சார். அப்புறம் ஈரத்துணி போட்டது நான்தான். மூணு தடவையும்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். உலைக்காரர்தான் பேசினார்.

"நான் ஆறு மணி நேரம் வெந்து காயவெச்சதை நீ ஒரு நொடியில குளிப்பாட்டி விட்டியாம்மா?"

தலையைக் குனிந்தவளுக்கு அவர் சிரிப்பது கேட்டது.

மங்கலோடேயே குழாயை அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் இழை வந்தது. ஒரு நுனியில் அகச்சிவப்பு ஒளியை வீசும் சுட்ட இரும்பு. மூன்று மீட்டர் தள்ளி, மறுநுனியில் அளவுக்கருவி. முள் ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. எல்லார் முன்னிலையிலும் மேலாளர் உலைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அவரோ அதைப் பெரிதுபடுத்தாமல், அடுத்தது பத்து மீட்டர், குழாய்களைக் கொடு என்று பளபளக்காவிடம் கையை நீட்டினார்.