நான் சேர்த்துவைத்த கிழக்கும் மேற்கும்

இத்தாலியில் பலேர்மோ நகரத்துக்கு நாங்கள் வந்த இரண்டாம் வருஷம் எனக்கு ஏழு வயது. பல்லரோ சந்தைக்குப் பின்னால், மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. அப்பா ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்தார், அம்மா இன்னொரு சிஞ்ஞோரா வீட்டில். வீட்டு எசமானியை இங்கே அப்படித்தான் சொல்வது. அந்த வருஷம் எங்கள் அறையில் ஒரே கதைதான், மாமா வரப்போகிறார் என்பது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் ஆமி வளைத்துப் பிடித்துக்கொண்டு போன பொடியன்கள் திரும்பி வராத காலம் அது. மாமா எப்படியோ தப்பிக் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில் பயணச்சீட்டோடு காத்திருந்தார்.

வரும் வழி கிழக்கு பெர்லின். அப்பாவும் முதலில் அந்த வழியால் வந்துதான் பிறகு எங்களைக் கூப்பிட்டவர். இதை இப்போது என் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. அந்த நாளில் ஐரோப்பா இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதிக்கு ரஷ்யா பெரியவர், மறு பாதிக்கு அமெரிக்கா பெரியவர். பெர்லின் நகரத்துக்கு நடுவே ஒரு மதில். சொந்தச் சனம் அந்த மதிலால் பாய்ந்தால் கிழக்குக்காரன் சுடுவான். எங்கள் ஆட்கள் விமானத்தில் வந்து இறங்கினாலோ, போங்கள் என்று மேற்கே போகிற ரயிலில் ஏற்றிவிடுவான். மற்றவனுக்குத் தலையிடி வரட்டும் என்ற நல்ல எண்ணம். மேற்குக்காரன் அந்த மதிலை எல்லை என்றே ஒத்துக்கொள்ளாதவன். எல்லை இல்லை என்று சொல்லிவிட்டு அங்கே நின்று எப்படிக் கடவுச்சீட்டுப் பார்ப்பது? பாராமலே விட்டான்.

அப்பா எனக்கு இதை விளங்கப்படுத்தியது எங்கள் கட்டிடத்தை வைத்துத்தான். அது பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் தம்பிக்குச் சொந்தமானது.

“தெருக்கதவுக்கு ஆர் பூட்டு வாங்கிறதெண்டு அவைக்குள்ளை சண்டை. அதாலை கதவு திறந்தே கிடக்கு. பூனையும் வருது, நாங்களும் வாறம். அவ்வளவுதான் பிள்ளை.”

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை பிடிக்கிற இரண்டு பேருக்கு நடுவால் போனால் என்ன நடக்கும் என்று ஊரில் பார்த்துவிட்டு வந்தவள் நான். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் வெடி பட்ட ஓட்டைகளுக்குள் விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். மாமா நடுவால் வரும்போது இரண்டு பக்கமும் சுட்டால்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரீனோ மலைக்குப் போனோம். அங்கே குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதை இருக்கிறா. ஊரில் அம்மனுக்கு வைக்கிற நேர்த்தியை எங்கள் சனம் இங்கே அவவிடம்தான் வைக்கும். நெற்றியில் திருநீற்றோடு நாங்கள் வெறுங்காலில் மலை ஏறுவதை இத்தாலிக்காரர் முதலில் அதிசயமாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அம்மா தன் தம்பிக்காகக் கண்ணை மூடி நின்றா. நானும் மூடினேன். கிழக்கும் மேற்கும் கோபம் ஆறி நேசமாக வேண்டும், அதுவும் மாமா வருவதற்கு முன்னம் ஆக வேண்டும், அப்படி ஆகிவிட்டால் என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டு வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது என்பதால் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

மாமாவின் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் போய், ஜெர்மனியிலிருந்த சிநேகிதரோடு டெலிபோனில் கதைத்துவிட்டு வந்த அப்பா, சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தார்.

“இரண்டு பக்கமும் கதைச்சு ஒத்துக்கொண்டிட்டாங்களாம்,” என்றார் அம்மாவிடம்.

நான் துள்ளிக் குதித்தேன். “நேசமாகிட்டினமே? அப்பா, நான்தான் கேட்டனான்! ரொசாலியா அம்மாட்டை நான்தான் கேட்டனான்!”

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “இஞ்சாரும், கேட்டீரே? உம்மடை மகள் கும்பிட்டே கதவைச் சாத்திப்போட்டாள். இனி மேற்கு விசா இல்லாதவனைக் கிழக்குக்காரன் பிளேனிலையே ஏத்தமாட்டானாம். இவ்வளவு காலமும் அடிபட்டவங்கள். ஒத்துப்போக வேறை ஒண்டும் கிடைக்கேல்லை, நாங்கள்தான் கிடைச்சம்.”

சாத்தினால் என்ன, தட்டினால் திறப்பார்கள்தானே, இப்போது எல்லோரும் நேசம்தானே என்று நான் நினைத்தேன்.

“பிள்ளையோடை கதைக்கிற கதையே இது?” என்று அம்மா அவரை அடக்கினா. பிறகு என் பக்கம் திரும்பினா. “என்ன நேர்ந்தனி? வடிவாச் சொல்லு.”

சொன்னேன்.

“சரி. ஞாயிற்றுக்கிழமை போய் வைப்பம்.”

“உமக்கென்ன விசரே? இதுக்கும் மெழுகுதிரியே?” என்றார் அப்பா.

“பிள்ளை கேட்டது கிடைச்சிட்டுது. கிடைச்சாச் செய்யத்தான் வேணும். எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு சாமியை ஏமாத்தேலாது.”

மெழுகுதிரிக் கடைக்காரர் என்னைச் சுவரோடு நிற்பாட்டி நூலால் அளந்தார். மாமாவுக்காக நுனிக்காலில் நின்றேன். அவர் என் தலையில் கைவைத்து மெல்ல அமத்திவிட்டார்.

மாமா லொட்ஜை விட்டு ஊருக்கே திரும்பிப் போனார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அவரைக் கண்டவர்களையும் நாங்கள் காணவில்லை. ஆனால் அது எல்லாம் பின்னால் நடந்தது. இன்று வரைக்கும் நான் சாமியைக் குறை சொன்னதில்லை. நான் கேட்டதைத்தான் அவ தந்தா.

அந்த ஞாயிறு, நேர்த்தி என்னுடையதாக இருந்தும், அம்மாவும் செருப்பைக் கழற்றினா. மெழுகுதிரியின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறு பக்கத்தை அவ பிடித்தா. வழி முழுக்க வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு போனேன்.

“மாமா வரேக்கை இந்த வழியாலைதானே அம்மா கூட்டிக்கொண்டு வாறது?”

“ஓம்.”

“அவரும் வெறுங்காலோடையே?”

“ஓம் பிள்ளை.”

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் முழுக்கக் கண்ணீர்.

“கால் நோகுதோ அம்மா?”

“ஓம். கல்லுக் குத்திப்போட்டுது.”

மெழுகுதிரியை மதகில் சாத்தி வைத்துவிட்டுக் குந்தி இருந்து, அவவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். மற்றக் காலையும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்குச் சின்ன நோவும் தாங்காது என்று நினைத்துக்கொண்டு, மிச்ச வழிக்கு மெழுகுதிரியை நான் தனியே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.