மேசைக் கால்களை அறுத்த குமுதா அக்கா

குமுதா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி நாகலாபுரத்திலிருந்து போனில் சொன்னபோது, நான் பெங்களூரில் அலுவலகப் பேருந்துக்குக் காத்திருந்தேன். "தூக்கத்துலயே போய்டுச்சு. யாருக்கும் தொந்தரவு குடுக்கல" என்றார். அவர் துக்கத்தில் சொன்னது. ஆனால் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தேவைப்பட்ட இடத்திலெல்லாம் தொந்தரவு கொடுத்தவர் அவர். இரங்கல் கூட்டத்தில் யாராவது அவரை அனுசரித்துப் போனவர் என்று புகழ்ந்தால், எழுந்து மறுத்துவிடுங்கள்.

திருமலை அடிவாரமான அலிபிரிக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் சிறிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் காட்சிக்கூடப் பொறுப்பாளர். கண்ணாடிப் பேழைகளுக்குப் பின்னணியாகக் காடு வரைகிற ஓவியன் நான். தாராளமயம் என்ற சொல் செய்தித்தாளில் அடிக்கடி வரத் தொடங்கியிருந்த காலம். திருமலையிலிருந்து இறங்கி, ஊர் பஸ்ஸுக்கு நேரமிருக்கிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் வரும். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத பிள்ளைகள் முன்னால் ஓடிவருவார்கள்.

ஒருநாள் கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்து, கூலி வேலை செய்யும் ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு வந்தார். தேவாங்கு இருந்த பேழை பெரியவர்களின் மார்பு உயரத்தில் இருந்தது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியவருக்கு மூன்றாவதைத் தூக்கத் தெம்பில்லை. "உனுக்கு வூட்ல போய் சொல்றேன், வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். அக்கா ஓடிப்போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த விடுமுறை நாளில் ஒரு தச்சரை அழைத்து வந்தார். நான் பிடித்துக்கொள்ள, பேழைகள் நின்ற மேசைகளின் கால்கள் அறுபட்டன. மேலதிகாரியிடம் கேட்டீர்களா என்றேன். "பர்மிசன் கேட்டுக்கினு நின்னா புள்ளைங்க பெரிசாயிடும்பா" என்றார்.

அதிகாரி தெலுங்கில் கத்தினார். மறுபடி உயர்த்தினால் மறுபடி அறுப்பேன் என்று அக்காவும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். அவருடைய பதவி உயர்வு நின்றுபோனது. மேசைகள் உயரவில்லை.

பிறகு 'தொடாதே' பலகைகள் போயின. கரடியின் மண்டையோடு, பாம்புச் சட்டை, முள்ளம்பன்றி முள் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு வந்தன. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் குடும்பங்கள் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். காவலாளி முணுமுணுத்ததற்கு, "துன்னாத புள்ள எதப் பாக்கும்?" என்று கேட்டார்.

சில ஆண்டுகளில் பெரிய கூடத்தை வீடியோ கேம் நடத்தும் ஒருவருக்கு வாடகைக்கு விட அதிகாரிகள் முடிவு செய்தார்கள். குடும்பங்களை இழுக்க அதுதான் வழியாம். குடும்பங்கள் ஏற்கெனவே வருகின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று அக்கா கூட்டத்தில் வாதாடினார். யாரும் வரவில்லை. கூடம் கைமாறியது.

காட்சிப் பொருள்களைக் கிடங்கில் போடச் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டு, எல்லாவற்றையும் வாசல் வராந்தாவுக்குக் கொண்டுவரச் செய்தார். கேம் விளையாட வருகிறவர்கள் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். முதல் நாளே ஒரு சிறுமி கரடி மண்டையோட்டின் கண்குழியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்த தகப்பனை, "நைனா, இத வந்து பாரு" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்து மண்டியிட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கேம் கடையும் ஒருநாள் மூடப்பட்டது. கூடம் எங்களுக்குத் திரும்பவில்லை, பூட்டியே கிடந்தது. ஓய்வு பெறும்வரை அக்கா அந்த வராந்தாவிலேயே காட்சியை நடத்தினார். இன்றும் அங்கே பிள்ளைகள் கூடுகிறார்கள்.

கூடம் கைமாறிய காலத்தில் எங்களில் ஒவ்வொருவராகச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பினார்கள். எனக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலை கிடைத்தது. கோபிப்பார் என்று நினைத்துத்தான் சொல்லப் போனேன். கரடி மண்டையோட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போறதுன்னா போ சேகரு. நல்லா இரு. ஆனா இங்க ஒண்ணுமே இல்லன்னு மட்டும் சொல்லிக்கினு போவாத."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வார்த்தைதான். கோயிலைத் தவிர உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று இங்கே கேட்கிறவர்களிடம், சேஷாசலம் மலைப் பாறை இடுக்கில் இருக்கும் பொன்னிறப் பல்லியில் ஆரம்பித்து, அவர்கள் எழுந்து போகும்வரை பேசுகிறேன். எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.