ஓராண்டாக வராதவர்கள்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். வாடிக்கையாளர்களைக் கூப்பிட அவள் குரல்தான் வேண்டுமென்று முதலாளி கேட்டார். "கம்ப்யூட்டர் குரல், ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரியே இருக்கும்மா."

புரோகிராம் எழுதத் தேவையிருக்கவில்லை. திரையில் ஒவ்வொரு வேலைக்கும் தெரிந்த கட்டங்களைக் கோட்டால் இணைத்தாள், அவ்வளவுதான். ஓராண்டாகக் கடைப்பக்கம் வராதவர்களை இயந்திரமே பொறுக்கி, அவள் பதிந்து கொடுத்த குரலைப் போலவே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பேசி, மின்னஞ்சலில் அனுப்பிவிடும்: "உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

அக்காவும் அங்கேதான் கண்ணாடி வாங்கியிருந்தாள் என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மறுநாளே அக்கா கடையில் வந்து நின்றாள்.

"வாய் நிறைய என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்ட. வாங்க போங்கன்னு மரியாதை வேற! எப்படிடி வராம இருப்பேன்?"

குரல் அவளுடையதுதான். கூப்பிட்டது மட்டும் அவள் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நான் பேசலக்கா. மிஷின். வராதவங்க எல்லாருக்கும் போகும்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான் கிளம்பட்டுமா?"

அவள் பரிசோதனை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்தது வந்துட்ட. கண்ணையாவது காட்டிட்டுப் போ."

அக்கா உட்கார்ந்து கருவியில் தாடையை வைத்தாள். எதிரே குனிந்து விளக்கைப் போட்டபோது அந்தக் கண் கலங்கியிருந்தது.

"சிமிட்டாதக்கா," என்றாள் அவள்.