இரண்டு நாள் வெளிச்சம்

ஷபீனா யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை, அவள் அம்மா அக்தர் பேகத்தைத் தவிர. 2006-இல் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். தெருவிலிருந்த ஒரே விளக்கு அணைந்து நாலு மாதம். அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "இந்த மாசத்துக்குள்ள லைட்டு வரலைன்னா வேலைக்கு முழுக்குப் போட்டுடு."

சோற்றை விடச் சொன்னாலும் ஷபீனா விடுவாள், வேலையை விடமாட்டாள். அந்த வட்டார நகராட்சி அலுவலகத்திலோ, புகாரை மெயிலிலும் அனுப்பலாம் என்று புதிதாக போர்டு மாட்டியிருந்தார்கள். அவளுக்கு அது போதாதா? தெருவில் இருபத்தேழு வீடு. மௌஸைத் தொட்டே பார்க்காத இருபத்தேழு பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல் மெயில் ஐடி முளைத்தது.

கடிதம்தான் உதைத்தது. இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தாள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு வைத்திருக்கிற இங்கிலீஷ் கடிதம் ஒன்றே ஒன்று, லீவ் லெட்டர். அதில் காய்ச்சல் வருகிற இடத்தில் இருட்டைப் போட்டாள், லீவ் வருகிற இடத்தில் தெருவிளக்கைப் போட்டாள். மிச்சத்தைத் தொடாமல் இருபத்தேழு தடவை அனுப்பினாள். அறுபது வயதில் மீன் விற்கிற அங்காளம்மா, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று கையெழுத்துப் போட்டது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை லைன்மேன் வந்து ட்யூப் லைட் மாட்டினார். ஷபீனா அன்று தெருவில் மகாராணி மாதிரி நடந்து வந்தாள். வியாழக்கிழமை அதே லைன்மேன் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே சூப்பர்வைசர் சத்தியநாதன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கடிதக் கட்டை எடுத்துக் காட்டினார்.

"ரெண்டு நாளைக்குத் தெருவிளக்கு தந்து உதவணும்னு இருபத்தேழு பேரும் கேட்டிருக்காங்க. ஏதோ விசேஷம்னு நெனச்சு, பக்கத்துத் தெரு லைட்டைக் கழட்டிக் குடுத்தோம். திருப்பி மாட்ட வேணாமா? இன்னும் வேணும்னா அந்த இருபத்தேழு பேரையே கேக்கச் சொல்லும்மா."

மாதம் முடிய மூன்றே நாள். வேறு வழியில்லாமல் ஷபீனா தெருவுக்கு வந்து உண்மையை உளறினாள். நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள், விழவும் விழுந்தது. ஆனால் அங்காளம்மாவின் கோபமே வேறு.

"எம் பேர்ல கேட்டியே, ரெண்டே நாளா கேப்ப? கொழாத் தண்ணியும் சேத்துக் கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்? ஏய், நாளைக்கு நானே வரேன். நான் சொல்லச் சொல்ல அடி."

மறுநாள் மீன் கூடையோடு அங்காளம்மா பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள், பின்னாலேயே பாதித் தெரு. ஏசி அறை முழுக்க வஞ்சிர வாடை. முதலாளி லக்ஷ்மிநாராயணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார். சூடுபட்ட ஷபீனா இந்தத் தடவை ஒவ்வொருவரிடமும் கேட்டாள், எத்தனை நாளைக்கு என்று.

"நான் கண்ண மூடற வரிக்கும்" என்றாள் அங்காளம்மா. "அப்பாலயும் எரியட்டும், பொணத்த தூக்கினு போறவன் தடுக்கி வுழுவான்."

வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தவளைப் பார்த்ததும் ஷபீனாவின் விரல் நின்றுவிட்டது. அம்மா. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

"எம் பேர்லயும் ஒண்ணு அடி."

"எத்தனை நாளைக்கும்மா?"

அக்தர் பேகம் மானிட்டரை முறைத்துப் பார்த்தாள்.

"எம் மவ வேலைக்குப் போயிட்டு வர்ற நாளெல்லாம்னு போடு."

ஒரு வரி அடிப்பதற்குள் ஷபீனாவுக்கு நாலு பிழை. விளக்கு வர மேற்கொண்டு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஏழரைக்கு அம்மா டார்ச்சும் கையுமாகத் தெருமுனையில் நின்றாள்.