கண்ணாடி எடுத்து வரலை என்றேன்

தங்கச்சி மகள் தேவியை வளர்த்தவள் நான். அவள் பன்னிரண்டாவது முடித்ததும், மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி, காலேஜ் விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்கிற ஊரப்பாக்கத்து மேடத்திடம் போனோம்.

தேவி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த காலேஜ்களை மேடம் தமிழில் வரிசையாக எழுதி என்னிடம் நீட்டினார்.

"முதல்ல இருக்கிறது கெடச்சிட்டா அதோட முடிஞ்சுதும்மா. பெரியவங்க வாய்விட்டுப் படிச்சாதான் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன்."

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "கண்ணாடி எடுத்துனு வரலை. சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

"அப்ப நாளைக்கு வாங்க."

"நான் படிக்கிறேன் பெரிம்மா," என்று தேவி தாளைப் பிடுங்க வந்தாள். அந்த அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்கத்தை விட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மேடம் சிரிக்கவில்லை.

விரல் வைத்துக் கூட்டினேன். முதலில், எங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மறைமலைநகர் காலேஜ். ஒரு மாதமாக அவள் கேட்ட கோயமுத்தூர் அதற்குக் கீழே.

"இன்னாடி இது?"

"நீ தனியா இருப்பியே."

"நான் இன்னா கொழந்தையா? மாத்துங்க மேடம்."

மாற்றியதையும் முழுசாகப் படித்த பிறகுதான் எழுந்தேன்.

தேவி இப்போது கோயமுத்தூரில் படிக்கிறாள். படித்த மாதிரி தலையாட்டியே காலத்தை ஓட்டியவள் நான். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும், எதிரே யார் காத்திருந்தாலும், கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.