ஒரு முழம் ஹோஸ்

ஹாஷிம் இப்போது கார்களைத் தொடுவதில்லை. களனிப் பக்கம் தண்ணீர் மோட்டர் திருத்தும் ஒரு கடையில் வேலை செய்கிறார். பாமன்கடையில் அவருடைய கராஜ் இருந்த இடத்தில் யாரோ கார் கழுவுகிறார்கள். பழைய வாடிக்கையாளர் யாராவது வழியில் கண்டு கேட்டால் கண் மங்கிவிட்டது என்று சொல்கிறாராம். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பொலிஸுக்குத் தானாகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஊரில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்கு நடந்தது தெரியும்.

நான் இராஜநாயகம். வெள்ளவத்தையில் கணிதம் ரியூசன் கொடுப்பவன். ஐம்பது வயதில், வேகத்தைக் கூட்டக் காருக்கு டேர்போ பூட்ட ஆசைப்பட்டேன். என் மனைவி மேனகா அதைக் கேட்டதும், "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியிலும் குடை பிடிப்பான்" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் நான் ஹாஷிமிடம் போனேன்.

இந்தக் காலத்துக் கார்களில் பெற்றோல் டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு ஒரே ஒரு குழாய்தான் போகும். அளந்து அனுப்புவார்கள், திரும்பி எதுவும் வராது. டேர்போ பூட்டினால் அந்த அளவு காணாது. எஞ்சின் திடீரென்று அதிகம் கேட்கும், கேட்ட நேரத்தில் கிடைக்காவிட்டால் பிஸ்டன் உருகிப்போகும். ஆகவே டாங்கிக்குள் பெரிய பம்ப் ஒன்றை இறக்கி, தேவைக்கு மேலாகவே பெற்றோலைத் தள்ளி, எஞ்சின் முனையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டர் வைத்து, மிச்சத்தை இன்னொரு குழாயால் டாங்கிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த இரண்டாம் குழாய்க்குப் பெயர் ரிட்டர்ன். கொழும்பில் ரிட்டர்ன் போடுவதென்றால் ஹாஷிமைத்தான் தேடுவார்கள்.

மனிதருக்கு வேலையில் பைத்தியம். குழாயைப் பூட்டி முடித்ததும் எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, காருக்குக் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாக மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். கராஜ் இருந்த ஒழுங்கைக்குள் யாராவது சிகரெட்டோடு வந்தால் தொலைந்தார்கள். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி அஸாமையே ஒருநாள் ஸ்பானரால் எறிந்து துரத்தினார். அஸாம் வெள்ளவத்தையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவர். ஓயாமல் புகைப்பார், ஓயாமல் சிரிப்பார். அவருடைய காரும் என்னுடைய காரும் ஒரே நேரத்தில்தான் ஹாஷிமின் கராஜில் நின்றன.

இறக்குமதிக்குத் தடை போட்டிருந்த காலம் அது. பெற்றோலுக்கென்று செய்த ஹோஸ் எங்கும் கிடைக்கவில்லை. ஹாஷிம் பொறுங்கள் என்றார். இரண்டு மாதம் பொறுத்தோம். பிறகு நான் ஒருநாள், அஸாம் ஒருநாள் என்று மாறி மாறிப் போய் நச்சரிக்கத் தொடங்கினோம். நான் ஒருமுறை கோபத்தில், கார் ஜாக்கியில் நிற்பதற்கா இவ்வளவு செலவழித்தேன் என்று கத்தியும் இருக்கிறேன்.

அடுத்த கிழமை இரண்டு காரும் தயார். எஞ்சினுக்குப் போகும் பக்கத்துக்குத் தன்னிடம் எஞ்சியிருந்த நல்ல ஹோஸைப் பூட்டியிருந்தார். ரிட்டர்ன் பக்கத்தில் காருக்குக் கீழே முழுக்க இரும்புக் குழாய்; எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு முழம் ஹோஸ். வெளியே வெள்ளைக் கம்பி பின்னிய, பார்க்க அழகான ஹோஸ். முகம் கழுவும் பேசினுக்குக் கீழே எல்லா வீட்டிலும் இருப்பது. ஹாட்வெயாரில் வாங்கியதாக அவரே சொன்னார்.

"இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"ரிட்டர்ன்ல பிரஷர் இல்ல சேர். சும்மா ஓடிப் போய் டாங்கிக்குள்ள விழுற. நல்ல ஹோஸ் வந்தோடன மாத்தித் தாறேன்."

காற்று அடித்துப் பார்த்தார். அழுத்தம் கொஞ்சமும் குறையவில்லை. கீழே படுத்து மணந்தும் பார்த்தார். எல்லாம் சரி. தண்ணீருக்குச் செய்த ரப்பர் பெற்றோலில் மெல்ல மெல்ல ஊறும் என்பது அவருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானமும் சேர்த்துப் படிப்பித்த எனக்கும் அது தோன்றவில்லை. கார் கையில் கிடைத்த சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கிருலப்பனையில் வாகன நெரிசலுக்குள் அஸாமின் கார் தீப்பிடித்தது. முதலில் போனட்டுக்குள் புகை. சாவி போட்டிருக்கும்வரை அந்தப் பெரிய பம்ப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் ஒரு பஸ் ஒட்டி நின்றதால் அவரால் கதவைத் திறக்க முடியவில்லை. மற்றக் கதவுக்கு அவர் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜனாஸாவில் யாருக்கும் முகத்தைக் காட்டவில்லை.

எதிரே இருந்த கட்டடத்தின் காவலாளி பொலிஸிடம், "மாத்தயா சிகரட் எகக் பத்து கரா, மம தெக்கா" என்று சொல்லியிருந்தார். ஐயா சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார், நான் கண்டேன் என்று. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. சிகரெட்டால் செத்தான், சொல்லச் சொல்லக் கேட்காமல் புகைத்தான், பெண்சாதி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டான் என்று பள்ளிவாசல் வாசலிலேயே பேசினார்கள். கையிலிருக்கும் சிகரெட்டால் போனட்டுக்குள் நெருப்புப் பிடிக்காது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்திருந்தவர் ஹாஷிம் ஒருவர்தான்.

நாலாம் நாள் காலை எனக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"சேர், கார் எங்க இரிக்கி?"

"வீட்டிலதான். ஏன்?"

"ஸ்டார்ட் பண்ண வாணாம். நான் வாறேன்."

வந்தார். போனட்டைத் திறந்து அந்த ஒரு முழத்தைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். உள்ளே ரப்பர் இரண்டு மடங்கு வீங்கி, தேத்தண்ணியில் நனைந்த பிஸ்கட்டைப் போல விரலோடு வந்தது. கிளிப் பூட்டிய இடத்தில் ஏற்கெனவே வெடித்திருந்தது. இன்னும் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ ஓடியிருந்தால் என் வீட்டிலும் ஒரு சாவு. ஹாஷிம் என் கராஜ் வாசலில் குந்தியிருந்து, பிசுபிசுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான்தான் சேர் அவனெ கொன்ட. போய் பலீலாட்ட செல்லப் போறேன்."

பலீலா அஸாமின் மனைவி. அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவசரப்பட வேண்டாம் என்றேன்.

"நீர் இப்ப போய்ச் சொல்லி என்ன, செத்த ஆள் எழும்பி வரப்போறாரோ? பொலிஸ், கோடு, கச்சேரி என்று இழுபடுவீர். உம்மட பெண்சாதிய யார் பாக்கிறது? கொஞ்சம் பொறும்."

அவர்மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு நானே நம்பினேன். உண்மை வேறு. என் காரும் பதிவுப் புத்தகத்தில் இல்லாத எஞ்சின் வேலை செய்த கார். சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளை என்னிடம் அனுப்பும் தாய்தகப்பன் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு. நான் கோழை. அவ்வளவுதான்.

ஹாஷிம் விரல்களைத் துணியில் துடைத்தார். பிறகு, "பலீலா இத்தாவில இரிக்கி. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் அன்னிய ஆம்புளய பாக்க மாட்டாங்க. எப்படியும் இப்ப போகேலாது" என்றார்.

"அப்ப அது முடியட்டும்" என்றேன் உடனே. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த நாலு மாதமும் மனிதர் நடைப்பிணமாகத் திரிந்தார். புதிய வேலை ஒன்றும் ஏற்கவில்லை. கராஜைத் திறப்பார், உள்ளே கதிரையில் இருப்பார், பூட்டுவார். ஒருநாள் பொலிஸார் வந்து விசாரித்தபோது, வேலை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், இரண்டு பேருமாக. அவருடைய மனைவி சஹ்லாவுக்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. கூட்டாளி போன துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கலண்டரில் நாட்களை வெட்டிக்கொண்டே வந்தார். கடைசி நாளுக்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். புதிய சேட்டு, தொப்பி.

"நீங்க உள்ள வர வாணாம் சேர். தனியப் போக கால் வருதில்ல. வாசல் வரைக்கும் வாங்க."

நான் உள்ளேயும் போனேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி வீடு. பலீலாவின் தம்பி ரிஸ்கான் கதவைத் திறந்தான். பலீலா மெலிந்து போயிருந்தாள். ஹாஷிம் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே சொல்லத் தொடங்கினார். நல்ல ஹோஸ் கிடைக்காதது, தண்ணீர் ஹோஸ் வாங்கியது, காற்றடித்துப் பார்த்தது, என் காரிலிருந்து கழற்றியது, எல்லாம். தனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் நச்சரித்ததையும் சொல்லவில்லை. ரிஸ்கான் கை ஓங்கிக்கொண்டு எழும்பினான். பலீலா கையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னாள்.

"ஹாஷிம் நானா, இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மவுத்தாகி நாலாம் நாள்."

"அப்ப ஏன் வரல்ல?"

"நீங்க இத்தாவில இருந்தீங்க."

பலீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

"சஹ்லா தாத்தாவுமா இத்தாவில இருந்தாங்க?"

அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. ஹாஷிமின் மனைவியைத்தான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சோறு கொண்டுவந்து இந்தக் கதிரையிலதானே இருந்தாங்க. நான் அவரெ ஏசுறதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாங்க. ஒரு வார்த்த அவங்கள்ட்ட செல்லி அனுப்பேலாமப் போச்சா?"

"அவவுக்குத் தெரியாது. நான் செல்லல்ல."

"இந்த நாலு மாசமும் நான் அவருக்காக மனசோட ஒரு துஆ கேக்கல்ல. என்னெயும் புள்ளயயும் யோசிக்காம சிகரெட்டுக்காகப் போய்ட்டாரே எண்டு ஏசிக்கொண்டே தொழுதேன்."

ஹாஷிம் சுவரில் கையை ஊன்றினார். போகலாம் என்று நான் அவருடைய தோளைத் தொட்டேன். பலீலா விடவில்லை. உள்ளே பார்த்து, "நிஹ்லா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவளுடைய ஒரே மகள் வந்தாள். பதினொரு வயது. கன்னம் ஒட்டிப்போய், கண்கள் மட்டும் பெரிதாக.

"அண்டைக்கி அவர் லைட்டரெ மறந்துட்டுத்தான் எறங்கின. இவதான் மூணு மாடியும் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்தா" என்றாள் பலீலா. "இப்ப நான் அடுப்புப் பத்த வெச்சா அறைக்குள்ள போய்க் கதவெ மூடிக்கிறா. பள்ளிக்கூடமும் போறல்ல. நீ காரணமில்ல மகள் எண்டு எத்தின தரம் செல்லீட்டேன். நான் செல்றது சும்மா செல்றதெண்டு அவவுக்குத் தெரியும். நீங்க செல்லுங்க நானா."

நான் தரையைப் பார்த்தேன். ஹாஷிம் பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். சின்னச் சின்னச் சொல்லாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அவள் கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"லைட்டரால இல்லயா?"

"இல்ல மகள். நான் போட்ட ஹோஸால."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹாஷிமிடம் திரும்பினாள்.

"அப்ப ஏன் இவ்வளவு நாள் செல்லல்ல?"

ஹாஷிம் என் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். வேண்டாம், பொறும் என்று சொன்னவன் நான்தானே. நானும் சொல்லவில்லை.