அம்மாவின் மொழிபெயர்ப்பு

தான் வேலை பார்த்த வங்கியை மூடிய பிறகு அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். போரில் வென்ற வடக்கு வியத்நாம்காரர்கள் நகரத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது இன்னும் சைகோன்தான். முன்பெல்லாம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அப்பா வெண்பா எழுதுவார். தாமரையும் நிலவும் இல்லாத பாட்டே கிடையாது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கத் தொடங்கியதும் தாமரை எப்படியோ காணாமல் போயிற்று.

அந்த வருடம் வெற்றி விழாவுக்கு வீட்டுக்கொரு பாட்டோ கவிதையோ வேண்டுமென்று தெருக்குழுத் தலைவர் சொல்லியனுப்பினார். வடக்கிலிருந்து வந்த முன்னாள் படைவீரர், அதிகம் பேசமாட்டார். காரைக்கால்காரரான அப்பா தமிழில் வாசிப்பதென்றும், வியத்நாமியப் பெண்ணான அம்மா அதைத் தன் மொழியில் சொல்வதென்றும் முடிவாயிற்று.

அப்பா வாசித்தார். அம்மா எழுந்து, வரிசையில் எல்லோரும் சமம், தோளோடு தோள் நிற்கிறோம் என்று சொன்னாள். பலத்த கைதட்டல். எனக்கு எட்டு வயது. இரண்டு மொழியும் தெரியும் என்ற கர்வம் வேறு. அப்பா சொன்னது அதுவல்லவே என்று நெளிந்தேன். தலைவர் அதைக் கவனித்துவிட்டார்.

"உங்கப்பா சொன்னது இதுதானா?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா என்னையே பார்த்தாள். நான் வியத்நாமிய மொழியிலேயே தெளிவாகச் சொன்னேன்:

"இல்லைங்க. வரிசையில நின்னு நின்னு என் நிழலும் மெலிஞ்சு போச்சுன்னாங்க."

தலைவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சண்டைக் காலத்துல காட்டுல இருந்தப்ப நானும் இந்த மாதிரி ஒண்ணு எழுதினேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டார். அது மன்னிப்பா எச்சரிக்கையா என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டதாக அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவள் அப்பாவின் துணிகளை மூட்டை கட்டினாள். அப்பாதான் சொன்னார்:

"அவ சொன்னதும் இந்தக் காலத்துப் பாட்டுதாம்மா."

அப்பாவைப் பிடித்துப்போக யாரும் வரவில்லை. சில மாதங்களில் நாட்டைவிட்டுப் போக எங்களுக்கு விமானமும் கிடைத்தது. ஆனால் அதுவரை தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா சட்டையை மாட்டி, பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். வுங் டாவ் கடற்கரைக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய் என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நிற்பேன்.